முதல் தடவை நீலகிரி போறீங்களா? ஊட்டிக்குள்ளயே சுத்தாம மலையோட ஓரத்துக்குப் போங்க

நீலகிரின்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஊட்டி தான், ஊட்டின்னா போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், பொட்டானிக்கல் கார்டன், தொட்டபெட்டா, கடைசியா சாக்லேட் கடை, அவ்ளோ தான் முடிஞ்சது. ரெண்டு நாள் டிராஃபிக்ல உக்காந்துட்டு வந்து "ஊட்டி முன்ன மாதிரி இல்லப்பா"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் மலையோட ஓரத்துக்கே போயிருக்க மாட்டாங்க. விஷயம் என்னன்னா ஊட்டி டவுன் ஒரு கிண்ணத்துக்குள்ள இருக்கு, சுத்தி மேடு, நடுவுல ஏரியும் பழைய ரேஸ் கோர்ஸ் மைதானமும் பஸ் ஸ்டாண்டும். 2,200 மீட்டர் உயரத்துல இருக்கோம்னு ஸ்வெட்டர் சொல்லுமே தவிர கண்ணு சொல்லாது. அந்த உயரம் என்னன்னு தெரியணும்னா மலை முடிஞ்சு கீழ சமவெளி விழற இடத்துக்குப் போகணும். கிழக்குல குன்னூர், வடகிழக்குல கோத்தகிரி கோடநாடு, மேற்குல கூடலூர் இறக்கம், தென்மேற்குல அவலாஞ்சி, இந்த நாலையும் மனசுல வச்சுட்டு பிளான் போட்டா போதும், மத்ததெல்லாம் நேரம் இருந்தா.

இன்னொண்ணு, அங்க வியூ பாயிண்ட்ங்கறது இடம் மட்டும் இல்ல, நேரமும் தான். அதை கீழ தனியா சொல்றேன், முதல் தடவை போறவங்க ஏமாறதே அதுல தான்.

முதல் வேலை: மாசத்தை முடிவு பண்ணுங்க

நீலகிரிக்கு ரெண்டு மழை. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, இது கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுது, சென்னைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா சென்னைல ஒரு வருஷத்துக்குப் பெய்யறதுல பாதிக்கு மேல. ஆனா அதே சமயம் குன்னூர் கோத்தகிரி பக்கம் அவ்ளோ மோசமா இருக்காது, ஏன்னா மழை மேகம் மேற்குல மோதி அங்கயே முக்கால்வாசியைக் கொட்டிடும். அக்டோபர்ல கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் குன்னூர் கோத்தகிரியைத் தான் அடிக்கும், மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டுல மண்ணு சரியும், மலை ரயில் தண்டவாளத்துல பாறை விழுந்து ட்ரெயின் ரத்துன்னு நியூஸ் வர்றது இந்த மாசங்கள்ல தான்.

அதனால வியூ தான் முக்கியம்னா என் ஓட்டு ஜனவரி, பிப்ரவரிக்கு. மழை விட்டிருக்கும், காத்து காய்ஞ்சு இருக்கும், தூரம் வரைக்கும் தெரியும். ஜனவரி விடியக்காலைல தலைகுந்தா பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கும், வெயில் ஏறினதும் காணாமப் போயிடும். குளிர் மட்டும் கொஞ்சம் ஓவரா இருக்கும், ராத்திரி பூஜ்யம் கிட்ட இறங்கும்.

ஏப்ரல் மே எல்லாரும் போற சீசன். மலர் கண்காட்சி மே மாசம் தான், குழந்தைங்களுக்கு லீவு, வேற வழி இல்லன்னா போங்க. ஆனா அந்த மாசங்கள்ல கீழ சமவெளில வெயிலும் தூசும் சேர்ந்து ஒரு மாதிரி புகை மூட்டமா இருக்கும், மேல நின்னு பார்த்தா கோயம்புத்தூர் பக்கம் மங்கலா சாம்பல் கலர்ல தான் தெரியும். அதுக்கு ஒரு வழி இருக்கு, கோடை மழை சாயங்காலம் நல்லா அடிச்சுதுன்னா மறுநாள் காலைல தூங்காதீங்க, மழை தூசியை எல்லாம் கழுவி விட்டிருக்கும், அன்னிக்கு தெரியற மாதிரி ஜனவரில கூட தெரியாது.

ரெண்டாவது: எப்படி ஏறுறது

முடிஞ்சா மலை ரயில். இதை நான் வியூக்காகத் தான் சொல்றேன், ஏக்கத்துக்காக இல்ல. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 326 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டர், 46 கிலோமீட்டர்ல அந்த உயரத்தை ஏறுது. கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்புக்குள்ள சாதாரணமா போகும், கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச பட்டை ஆரம்பிக்கும், எஞ்சினுக்கு அடில இருக்கற பல் சக்கரம் அதைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறும். சில இடத்துல 12.5 மீட்டர் போனா ஒரு மீட்டர் ஏத்தம், சாதாரண ரயில் எல்லாம் நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத சரிவு. எஞ்சின் முன்னாடி இருக்காது, பின்னாடி நின்னு தள்ளும், அதனால முன் பெட்டில உக்காந்தவங்களுக்கு எதிர்ல மறைக்க ஒண்ணுமே இல்ல. 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் வந்த லைன் இது, 2005ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆச்சு. 16 குகை, 208 வளைவு, 250 பாலம்.

மேட்டுப்பாளையத்துல காலை 7.10க்குக் கிளம்பி மதியம் 12 மணி வாக்குல ஊட்டி. சென்னைல இருந்து ராத்திரி கிளம்புற நீலகிரி எக்ஸ்பிரஸ் காலைல 6 மணிக்கு மேல மேட்டுப்பாளையம் வந்துடும், இறங்கி அப்படியே இதுல ஏறிக்கலாம். பிரச்சனை டிக்கெட் தான். ஒரு நாளைக்கு ஒரு ட்ரெயின், சின்னப் பெட்டிங்க, அதனால ஐஆர்சிடிசி ல புக்கிங் திறக்கிற அன்னிக்கே உக்காரணும். ஸ்டேஷன் பேர் தேடும்போது ஊட்டின்னு போட்டு வரலைன்னா உதகமண்டலம்னு போடுங்க, கோட் யூஏஎம். எந்தப் பக்க சீட்டுன்னு ரொம்ப மண்டையை உடைச்சுக்காதீங்க, லைன் வளைஞ்சு வளைஞ்சு போறதால பள்ளம் ரெண்டு பக்கமும் மாறி மாறி வரும். நடுவுல ஹில்குரோவ்ல எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்க நிறுத்துவாங்க, இறங்கி கால் நீட்டிக்கலாம், வடை வாங்கினா கைல பத்திரம், குரங்கு உங்களைவிட ஃபாஸ்ட்.

ஏறும்போது டிக்கெட் கிடைக்கலைன்னா இறங்கும்போது ட்ரை பண்ணுங்க, ஊட்டில மதியம் 2 மணிக்குக் கிளம்பும். அதுவும் இல்லன்னா குன்னூர் ஊட்டி நடுவுல ஓடற ட்ரெயின்ல சுலபமா இடம் கிடைக்கும், அது டீசல் எஞ்சின், பல் சக்கரம் கிடையாது, ஆனா கேத்தி பள்ளத்தாக்கு முழுசா கீழ விரிஞ்சு தெரியும். காசும் ரொம்பக் கம்மி.

கார்ல வர்றவங்களுக்கு: இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7ல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி வந்தது, ஆன்லைன்ல ஃப்ரீயா எடுக்கலாம், க்யூஆர் கோட் வரும், செக்போஸ்ட்ல காட்டணும். 2025 கோடை சீசனுக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு உச்சவரம்பும் போட்டாங்க, அதனால சீசன்ல கடைசி நேரத்துல போட்டுக்கலாம்னு விடாதீங்க. அரசு பஸ்லயோ ரயில்லயோ வந்தா இந்தத் தொல்லையே இல்ல. அப்புறம் சீசன்ல மலைப்பாதை ஒருவழி ஆக்கிடுவாங்க, பொதுவா பர்லியார் குன்னூர் வழியா ஏறணும், கோத்தகிரி வழியா இறங்கணும், உங்க தங்கற இடம் எந்தப் பக்கம்னு பார்த்து அதுக்கேத்த மாதிரி வழியை யோசிச்சு வைங்க.

பிளாஸ்டிக் தண்ணி பாட்டில், கேரி பேக் எல்லாம் செக்போஸ்ட்லயே பிடுங்கிடுவாங்க, ஃபைனும் உண்டு. ஸ்டீல் பாட்டில் ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க, மேல தண்ணி ஏடிஎம் வச்சிருக்காங்க.

மூணாவது: எங்க தங்கறது

ஊட்டில தங்காதீங்க. சரி, ஒரு ராத்திரி வேணும்னா தங்குங்க. மிச்ச நாள் குன்னூர் இல்லன்னா கோத்தகிரி. ரெண்டும் மலை ஓரத்துல, ஊட்டியைவிடக் கொஞ்சம் கீழ, குளிரும் குழந்தைங்க, பெரியவங்க தாங்கற அளவு தான். ஊட்டில இருந்து தினமும் காலைல ஓரத்துக்கு வண்டி எடுத்துட்டு வர்றதும், ஓரத்துலயே முழிக்கறதும் வேற வேற. ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ரூம் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" "வேலி வியூ", அதாவது பள்ளத்தாக்கு தெரியும்னு போட்டிருப்பாங்க, போய்ப் பார்த்தா பக்கத்து ஹோட்டல் தண்ணி டேங்க் தெரியும். கிழக்கோ தெற்கோ சமவெளி பார்த்து இருக்குன்னு சொன்னா எடுங்க, ராத்திரி கீழ மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் பக்கத்து விளக்கெல்லாம் பால்கனில இருந்தே பார்க்கலாம், அதுக்கு டிக்கெட் கிடையாது.

நாலாவது, இது தான் முக்கியம்: மணி

காலைல வெயில் மலைச்சரிவு மேல அடிக்க ஆரம்பிச்சதும் அங்க இருக்கற காத்து சூடாகி மேல ஏறும், கீழ பள்ளத்தாக்குல இருக்கற ஈரத்தையும் சேர்த்து இழுத்துட்டு வரும், மேல வந்து குளிர்ந்ததும் மேகம் ஆயிடும். அதனால தான் காலைல 8 மணிக்குப் பளிச்சுன்னு இருந்த பள்ளத்தாக்கு 11 மணிக்கு வெறும் வெள்ளைச் சுவரா நிக்குது. டூர் வேன்ல வர்றவங்க டிபன் சாப்ட்டு 10 மணிக்குக் கிளம்பி 11.30க்கு வியூ பாயிண்ட்ல இறங்கி "ஒண்ணுமே தெரியல"ன்னு மக்காச்சோளம் சாப்ட்டுட்டுத் திரும்புறதைத் தினமும் பார்க்கலாம். ஆக மலை ஓரம் எல்லாம் காலைல, தோட்டம், மார்க்கெட், டீ ஃபேக்டரி, போட்டிங் எல்லாம் மதியம். இந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

இதுல ஒரு சிக்கல், டிக்கெட் வாங்கற வியூ பாயிண்ட் எல்லாம் சூரியன் வந்து ரொம்ப நேரம் கழிச்சுத் தான் கேட் திறப்பாங்க. சூர்யோதயம் பார்க்கணும்னா தேயிலைத் தோட்டத்து நடுவுல போற பொது ரோட்டுல ஓரமா நின்னு தான் பார்க்கணும். முந்தின நாள் சாயங்காலமே ஒரு வளைவைப் பார்த்து வச்சுக்கோங்க, இல்லன்னா ரூம்ல வேலை செய்யற அண்ணன்கிட்ட "கிழக்கு எங்க நல்லா தெரியும்"னு கேளுங்க, கூகுள் ரிவ்யூவைவிட அவர் சொல்றது சரியா இருக்கும். தோட்டத்துக்குள்ள இறங்கி செடி நடுவுல போஸ் கொடுக்காதீங்க, அது ஒருத்தரோட நிலம், அதுக்கும் மேல இருட்டு பிரியாத நேரத்துல காட்டெருமை படுத்திருக்கும்.

காட்டெருமை பத்தி இப்பவே சொல்லிடறேன். குன்னூர் கோத்தகிரில இது தெருநாய் அளவுக்கு சாதாரணமா சுத்தும், வீட்டு வாசல்ல நிக்கும், பார்க்க சாதுவா இருக்கும். ஒரு டன் கிட்ட எடை. கிட்டப் போய் செல்ஃபி வேண்டாம், குட்டி இருந்தா பக்கமே போகாதீங்க, அது ரோட்டைக் கிராஸ் பண்ற வரைக்கும் ஹாரன் அடிக்காம வண்டிலயே இருங்க.

குன்னூர் காலை

குன்னூர்ல ஒரே ரோட்டுல தான் லேம்ப்ஸ் ராக்கும் டால்ஃபின்ஸ் நோஸும் வருது, நடுவுல லேடி கேனிங்ஸ் சீட்டும். எல்லாரும் முதல்ல வர்ற லேம்ப்ஸ் ராக்ல நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு அப்புறம் டால்ஃபின்ஸ் நோஸ் போவாங்க. நீங்க கடைசி வரைக்கும் நேரா டால்ஃபின்ஸ் நோஸ் போயிடுங்க, கேட் திறக்கற நேரத்துக்கு அங்க இருங்க, திரும்பி வரும்போது லேம்ப்ஸ் ராக் பாருங்க. காரணம், ரோடு கடைசில ரொம்பக் குறுகல், 10 மணிக்கு மேல வேன் வந்து மாட்டிச்சுன்னா நடந்து தான் போகணும்.

டால்ஃபின்ஸ் நோஸ்ல பாறை முன்னாடி நீட்டிட்டு நிக்கும், அதுக்குக் கீழ நேரா பாதாளம். எதிர்ப்பக்க மலைல கேத்தரின் அருவி விழறது தெரியும், 250 அடி, ஆனா அங்க இருந்து பார்க்கும்போது நூல் மாதிரி தான் இருக்கும், சத்தம் கூட வராது. நிறைய பேர் அருவியை ஒரு தடவை பார்த்துட்டு கிளம்பிடுறாங்க, கொஞ்சம் நேரம் நின்னு கீழ ஆறு போற பாதையைக் கண்ணால பிடிச்சுட்டே போங்க, பள்ளத்தாக்கு எங்க முடிஞ்சு சமவெளி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும், அப்போ தான் நம்ம நிக்கற உயரம் வயித்துல உறைக்கும். லேம்ப்ஸ் ராக்ல காட்டுக்குள்ள கொஞ்ச தூரம் நடக்கணும், பாறை மேல இருந்து கோயம்புத்தூர் பக்கத்து சமவெளி. ரெண்டு இடத்துலயும் கம்பி வேலி தாண்டாதீங்க, பனியில பாறை வழுக்கும்.

நல்லா நடக்கறவங்களுக்கு பக்காசுரன் கோட்டை இருக்கு, திப்பு சுல்தான் காலத்துல காவல் கோட்டையா இருந்தது, இப்போ இடிஞ்ச சுவர் தான் மிச்சம், எஸ்டேட் வழியா காட்டுப் பாதை. தனியாப் போகக்கூடாது, வனத்துறைகிட்ட கேட்டுட்டு லோக்கல் ஆளோட தான் போகணும்.

மதியம் சிம்ஸ் பார்க், இல்லன்னா ஏதாவது ஒரு டீ ஃபேக்டரி. வர்க்கி, அதாவது அந்த ஊர் மொறுமொறு பிஸ்கட், வாங்கிக்கோங்க, டீல முக்கி சாப்பிடறது தான் முறை.

கோத்தகிரி, கோடநாடு

எனக்கு ஒரே ஒரு வியூ தான் பார்க்க நேரம் இருக்குன்னா கோடநாடு தான் போவேன். கோத்தகிரில இருந்து 18 கிலோமீட்டர், பஸ்ஸும் போகுது. வழி முழுக்க தேயிலை, திடீர்னு ரோடு முடியும், அதுக்கப்புறம் மலையே இல்ல. கீழ மோயாறு பள்ளத்தாக்கு. இதுல விசேஷம் கலர் தான், நீங்க நிக்கற பக்கம் பச்சை, கீழ காய்ஞ்ச பழுப்புக் காடு, ஏன்னா மழை மறைவுப் பகுதி அது, அந்தப் பழுப்புக்கு நடுவுல தெங்குமரஹடா கிராமத்து வயல் மட்டும் ஒரு பச்சைக் கட்டமா தெரியும். கிழக்குல பவானிசாகர் அணைத் தண்ணி பளபளக்கும், பக்கத்துல ரங்கசாமி மலை உச்சி தனியா நிக்கும், இருளர் மக்களுக்கு அது சாமி மலை. வாட்ச் டவர் இருக்கு, ஆனா கூட்டம் அதுல ஏறும்போது கீழ நடைபாதைலயே நின்னு பாருங்க, பெரிய வித்தியாசம் கிடையாது.

திரும்பற வழில கண்ணேரிமுக்குல ஜான் சல்லிவன் கட்டின வீடு நினைவகமா இருக்கு, ஊட்டியை உருவாக்கின கலெக்டர். சின்ன இடம், அரை மணி நேரம் போதும். கேத்தரின் அருவிக்கு கோத்தகிரி பக்கமும் ஒரு வழி இருக்கு, அருவியோட மேல் பகுதிக்குப் போகும், ஆனா மொத்த உயரமும் பார்க்கணும்னா டால்ஃபின்ஸ் நோஸ் தான்.

ஊட்டில இருந்து மேற்கு

ஊட்டிக்கு ஒரு நாள் ஒதுக்கினா அன்னிக்கு காலைல அவலாஞ்சி. சொந்த வண்டி உள்ள விட மாட்டாங்க, வனத்துறை வண்டில டிக்கெட் எடுத்துப் போகணும், முதல் டிரிப்பைப் பிடிங்க. அங்க தான் நீலகிரி முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு தெரியும், மேடெல்லாம் புல்லு, மடிப்புல மட்டும் அடர்த்தியா சோலைக்காடு. தேயிலையும் யூகலிப்டஸும் வர்றதுக்கு முன்னாடி மேல் நீலகிரில பெரும்பாலும் இப்படித் தான் இருந்தது. மழை அதிகமா இருந்தா மூடிடுவாங்க, கிளம்பும் முன்னாடி விசாரிச்சுக்கோங்க.

தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரிலயே உயரம், போயிட்டு வந்தேன்னு சொல்லிக்கலாம். கூட்டமும் மேகமும் இல்லாத காலைல நல்லா இருக்கும், மத்த நேரம் எனக்கு அவ்வளவா பிடிக்கறதில்ல.

சாயங்காலம் கூடலூர் ரோடு. பைக்காரா தாண்டி இறங்க ஆரம்பிச்சா ஊசிமலை வியூ பாயிண்ட் வரும், மேற்கு பார்த்த இடம், அதனால இது ஒண்ணு மட்டும் மதியத்துக்கு மேல. கூடலூர் பள்ளத்தாக்கும் முதுமலைக் காடும் கீழ கிடக்கும். கேட் சாயங்காலமே மூடிடும், 4 மணி வாக்குல அங்க இருக்கற மாதிரி பார்த்துக்கோங்க. அப்படியே மைசூர் போறவங்க ஞாபகம் வச்சுக்கோங்க, பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9 மணில இருந்து காலை 6 வரைக்கும் மூடி இருக்கும். மசினகுடிக்குப் போற கல்லட்டி ரோடு 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிக்குக் கட்டுப்பாடு இருக்கு, மேப் அந்த வழியைக் காட்டினாலும் கூடலூர் வழியாவே போங்க.

ட்ரெக்கிங் ஆசை இருந்தா தமிழ்நாடு அரசோட ட்ரெக் தமிழ்நாடு சைட்ல புக் பண்ணுங்க, 2024ல ஆரம்பிச்சாங்க, கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை மாதிரி ஈஸியான ரூட்டும் இருக்கு, கைடு கூட வருவாங்க. பர்மிஷன் இல்லாம காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்னு சொல்றவங்களை நம்பாதீங்க, மாட்டினா கேஸ் உங்க மேல.

இறங்கும்போது

மலை ரோடு புதுசுன்னா ரெண்டே விஷயம். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், அவங்க நின்னா மறுபடி எடுக்கறது கஷ்டம். இறங்கும்போது பிரேக்ல கால் வச்சுட்டே வராதீங்க, சூடாகி பிரேக் பிடிக்காமப் போயிடும், ரெண்டாவது கியர்ல போட்டு எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கற மாதிரி வாங்க, நியூட்ரல்ல இறக்கற வேலையே வேண்டாம். வாந்தி வர்றவங்களை முன் சீட்ல உக்கார வைங்க, வயிறு நிறைய சாப்பிட்டுட்டுக் கிளம்பாதீங்க, மாத்திரை போடறதா இருந்தா கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடி.

குன்னூர் வழியா இறங்கினா பர்லியார்ல நிறுத்துங்க. ஜூன் ஜூலை வாக்குல அங்க ரோட்டோரத்துல மங்குஸ்தான், துரியன் எல்லாம் விக்கும், கீழ ஊர்ல கிடைக்கறதைவிட ஃப்ரெஷ். அதே சமயத்துல பலாப்பழத்துக்கு யானையும் இறங்கும், அதனால ரோட்டை விட்டு உள்ள போகாம கடை கிட்டயே நின்னு சாப்பிடுங்க. மங்குஸ்தான் தோல் கறை துணில பட்டா போகவே போகாது, குழந்தைங்களுக்கு வெள்ளை டிரஸ் போட்டிருந்தா வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுக் குடுங்க.